“எல்லோருக்கும் போலத்தான்!”

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடிக்குப் போகிற சாலையோரத்தில் ஒரு வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். கொல்லையில் பலா மரம்; திண்ணையில் அப்பத்தா; உள்ளே, வருகிற தை மாதத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கும் பெண். அந்தப் பெண்ணுக்குக் கடைவாய்ப் பல் சொத்தை. பல்லை எடுத்துவிட வேண்டியதுதான் என்கிறார் பல் வைத்தியர். ஊசி போடுவதற்கு முன் முறைப்படி ஒரு கேள்வியும் கேட்கிறார்: “உனக்கு ரத்தம் அதிகமாய்ப் போகிற வழக்கம் உண்டா, அம்மா?”

பெண் தாயாரின் முகத்தைப் பார்க்கிறாள். தாயார் சற்றே யோசிக்கிறாள். “அதெல்லாம் ஒன்றுமில்லை, டாக்டர். எல்லோருக்கும் போலத்தான்” என்கிறாள்.

அந்தத் தாயார் பொய் சொல்லவில்லை. அவள் அறிந்த ‘எல்லோரும்’ அவள் வீட்டார்தான். அவளுக்கு மாதந்தோறும் ஒன்பது நாள். அவளைப் பெற்றவளுக்கும் அப்படியே. அவளுடைய அக்காள் இரண்டாவது பிரசவத்தில் ரத்தம் ஏற்றிப் பிழைத்தாள். பிரசவம் என்றாலே மறுபிழைப்புத்தானே என்று ஊரார் சமாதானம் சொன்னார்கள். சித்திரை வெயிலில் பையனுக்கு மூக்கிலிருந்து ரத்தம் கொட்டினால், “சூடு” என்று சொல்லித் தலையில் தண்ணீர் ஊற்றுவது அந்த வீட்டு வழக்கம். பெண்ணின் காலிலும் கையிலும் நீலம் பாரித்திருந்தால், “எங்கேயாவது இடித்துக்கொண்டிருப்பாய்” என்பதோடு சரி. தலைமுறை தலைமுறையாய் இப்படியே நடந்து வருகிற வீட்டில், அளவு எது, அளவுக்கு மிஞ்சியது எது என்று எதை வைத்துத் தீர்மானிப்பது?

காலையில் பல்லை எடுத்துக்கொண்டு வந்தவளுக்கு ராத்திரி தலையணை நனைந்திருக்கிறது. அப்போதுதான் வீட்டார் எல்லோரும் கலங்கிப் போகிறார்கள்.

இந்த வீடு கற்பனைதான். ஆனால் லேசான ரத்தப்போக்கு நோய் உள்ள குடும்பங்களில் வைத்தியர்கள் காண்கிற விஷயங்களே இதில் இருக்கின்றன. இந்நோயைச் சந்தேகித்து அறிவதற்கு வைத்திய உலகம் இன்று கையாளும் முதற் கருவி யந்திரம் அல்ல. காகிதத்தில் எழுதிய கேள்விகள்தான். பொதுவாய்க் கேட்டால் பொதுவாய்த்தான் பதில் வரும். எண்ணிக் கேட்டால் உண்மை வெளிப்படும். இந்தச் சிறிய உண்மைக்குப் பின்னால் ஒரு பெரிய சரித்திரம் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரிந்த ஒவ்வொரு குடும்பமும் அதை அறிந்துகொள்வது நலம் என்று கருதுகிறோம்.

கண்மாய்க் கரை உடைந்தால்

புதுக்கோட்டைச் சீமை கண்மாய்களின் சீமை. மழைக்காலத்தில் கரை உடைந்தால் என்ன செய்கிறார்கள் என்பது அங்குள்ள குழந்தைக்கும் தெரியும். முதலில் மண் மூட்டைகளைக் கொண்டு வந்து உடைப்பில் போடுகிறார்கள். வெள்ளம் மூட்டைகளை அடித்துக்கொண்டு போகாமலிருக்கக் கம்புகளை ஊன்றிக் கயிற்றால் கட்டுகிறார்கள். பிறகு களிமண்ணைக் குழைத்துச் சந்துகளை அடைக்கிறார்கள்.

நம் உடம்பிலும் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கிறது. ரத்தக் குழாயில் ஓரிடத்தில் காயம் பட்டால், தட்டணுக்கள் என்னும் மிகச் சிறிய துணுக்குகள் ஓடி வந்து அங்கே குவிகின்றன. இவையே மண் மூட்டைகள். அவற்றைக் குழாயின் சுவரோடு இழுத்துப் பிடிக்கும் கம்பும் கயிறும் போன்றது ரத்தத்திலுள்ள ஒரு புரதப் பொருள். வான் வில்லிபிராண்ட் காரணி என்பது அதன் பெயர். கடைசியாக, உறைகாரணிகள் எனப்படும் பல பொருள்கள் ஒன்றையொன்று தூண்டி, வலை போன்ற நார்ப் பொருளை உண்டாக்கி அடைப்பை இறுக்குகின்றன. இதுவே களிமண் பூச்சு.

இவற்றில் ஏதாவது ஒன்று அடியோடு இல்லாமற் போனால் நோய் கடுமையாய் இருக்கும். ஹீமோபிலியா என்ற நோயில் ஆண் குழந்தைகளுக்கு மூட்டுகளிலேயே ரத்தம் கசிந்து வீங்குவதைச் சிலர் கண்டிருக்கலாம். அப்படிப்பட்ட நோய் மறைந்திருப்பதில்லை. ஆனால் அந்தப் பொருள் அடியோடு இல்லாமலன்றி, பாதியோ கால்வாசியோ இருந்தால்? அன்றாட வாழ்க்கை தடையில்லாமல் நடக்கும். பல் எடுக்கும்போதோ, டான்சில் ஆபரேஷனின்போதோ, பிரசவத்திலோதான் குறை வெளிப்படும். கரை பலவீனம் என்பது வெள்ளம் வரும்போதுதானே தெரிகிறது? லேசான நோய் என்று பெயரிருந்தாலும், அந்த ஒரு நாளில் அது லேசாக இருப்பதில்லை.

ஸ்திரீகளுக்கு இந்த வெள்ளம் மாதந்தோறும் வருகிறது. பிரசவத்தில் பெருவெள்ளமாகவே வருகிறது. ஆகையால், இந்நோய்களில் பல ஆண் பெண் இருபாலாருக்கும் சமமாய் உண்டாகக் கூடியவையானாலும், துன்பப்படுகிறவர்கள் அதிகமாய்ப் பெண்களே.

தீவில் பிறந்த பெண்

பின்லாந்துக்கும் சுவீடனுக்கும் நடுவே கடலில் ஓலாந்து என்ற தீவுக் கூட்டம் இருக்கிறது. அங்கே ஃபோக்லோ என்னும் தீவிலிருந்து 1924-ம் வருஷத்தில் ஐந்து வயதுப் பெண் ஒருத்தியை ஹெல்சிங்கி நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்கள். அவள் பெயர் யோர்டிஸ். அடிக்கடி ரத்தம் போய் அவள் மிகவும் மெலிந்திருந்தாள். அவளுடன் பிறந்தவர்களில் சிலர் சிறு பிராயத்திலேயே ரத்தப்போக்கினால் இறந்திருந்தார்கள். அவளைப் பரிசோதித்தவர் எரிக் வான் வில்லிபிராண்ட் என்ற வைத்தியர்.

இந்த நோயின் காரணத்தை முழுவதும் விளக்கக்கூடிய சோதனைகள் அக்காலத்தில் இல்லை. ஆகவே அவர் அந்தக் குடும்பத்தாரின் சரித்திரத்தை விசாரிக்கத் தொடங்கினார். யாருக்கு எங்கிருந்து ரத்தம் போயிற்று, யார் எந்த வயதில் இறந்தார்கள், எந்தக் கிளையில் இந்தக் குறை இருக்கிறது, எதில் இல்லை என்று கேட்டுக் கேட்டு ஒரு வம்ச விருட்சத்தையே எழுதினார். அதில் கண்ட 66 பேரில் 23 பேருக்கு இக்குறை இருந்தது. ஆண்களைவிடப் பெண்களே அதிகம். யோர்டிஸுக்குத் தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் குறை வந்திருந்தது. இது ஹீமோபிலியா அல்ல, வேறொரு நோய் என்று 1926-ம் வருஷத்தில் அவர் எழுதி வெளியிட்டார். இன்று அந்நோய்க்கு அவர் பெயரே வழங்குகிறது. பரம்பரையாய் வரும் ரத்தப்போக்கு நோய்களில் எல்லாவற்றிலும் சாதாரணமாய்க் காணப்படுவதும் அதுவே.

யோர்டிஸ் பதின்மூன்றாவது வயதில், நான்காவது மாதவிலக்கின்போது, ரத்தம் நிற்காமல் இறந்து போனாள். ஒரு குடும்பத்தைப் பொறுமையோடு கேள்வி கேட்டதால் உலகத்துக்கு ஒரு நோய் தெரிய வந்தது. ஆனால் அந்தக் கேள்விகளுக்குக் காரணமாயிருந்த குழந்தையைக் காப்பாற்றும் மருந்து அப்போது இல்லை. இன்று மருந்து இருக்கிறது. கேள்விதான் பல இடங்களில் கேட்கப்படாமலிருக்கிறது.

சோதனை மட்டும் போதாதா?

“ரத்தத்தை எடுத்துச் சோதித்துவிட்டால் தெரிந்துவிடுமே, கேள்வி எதற்கு?” என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

லேசான நோய்களில் சோதனைகள் கண்ணாமூச்சி விளையாடுகின்றன. வான் வில்லிபிராண்ட் காரணியின் அளவு ஒரே மனிதருக்கு எப்போதும் ஒரேமாதிரி இருப்பதில்லை. பயந்தால் ஏறும், ஓடி வந்தால் ஏறும், காய்ச்சலில் ஏறும், கர்ப்ப காலத்தில் நன்றாகவே ஏறும். ஊசியைக் கண்டு அலறும் குழந்தையின் ரத்தத்தில் உள்ளதைவிட அதிகமாய்த் தோன்றலாம். ‘ஓ’ வகை ரத்தம் உள்ளவர்களுக்கோ, நோய் ஒன்றும் இல்லாமலே மற்றவர்களைவிட ஏறக்குறைய கால்பங்கு குறைவாய் இருக்கும். ஆபரேஷனுக்கு முன் சாதாரணமாய்ச் செய்கிற உறைதல் சோதனைகள் லேசான நோயாளிக்கு முற்றிலும் சரியாகவே வந்துவிடுவதும் உண்டு. தட்டணுக்களின் எண்ணிக்கை சரியாயிருந்து, அவை வேலை செய்யாமலிருக்கும் நோய்களும் இருக்கின்றன. நுட்பமான சோதனைகளோ பெரிய ஆஸ்பத்திரிகளில்தான் உண்டு. ஊரில் எல்லோருக்கும் அவற்றைச் செய்வது நடக்கிற காரியமல்ல.

ஆகவே, யாருக்குச் சோதனை செய்ய வேண்டும், வந்த முடிவை எவ்வளவு நம்ப வேண்டும் என்பதை நோயாளியின் சரித்திரமே சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தச் சரித்திரத்தைப் பொதுவாய்க் கேட்டால் என்ன ஆகும் என்பதை மேலே பார்த்தோம். நோயுள்ளவர் “எல்லோருக்கும் போலத்தான்” என்கிறார். நோயே இல்லாத வேறொருவரோ, எப்போதோ ஒரு நாள் மூக்கில் வந்த ரத்தத்தை நினைத்து, “எனக்கு ரத்தம் ரொம்பப் போகும்” என்கிறார். இரண்டு பதிலும் வைத்தியருக்கு உதவாது.

கேள்விக்கு எண் கொடுத்தார்கள்

இந்தச் சிக்கலைத் தீர்க்க முன்வந்தவர்களில் முக்கியமானவர்கள் இத்தாலி தேசத்தில் விசென்சா என்னும் நகரத்து வைத்தியர்களான பிரான்செஸ்கோ ரோடெகியேரோவும் ஆல்பெர்டோ டோசெட்டோவும். “அதிகமா, குறைவா?” என்று கேட்பதை அவர்கள் விட்டுவிட்டார்கள். “எத்தனை தடவை? எத்தனை நிமிஷம்? அதற்கு என்ன செய்ய வேண்டி வந்தது?” என்று கேட்டார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் ஓர் எண் கொடுத்து, எல்லாவற்றையும் கூட்டினார்கள். 2005-ம் வருஷத்தில் பல தேசத்து வைத்தியர்களோடு சேர்ந்து இம்முறையைப் பரீட்சித்து வெளியிட்டார்கள். பின்னர், ரத்த உறைவைப் பற்றி ஆராயும் சர்வதேச சங்கம் 2010-ம் வருஷத்தில் எல்லாத் தேசத்தாருக்கும் பொதுவான கேள்வித்தாள் ஒன்றை வகுத்தது.

அதில் 14 பகுதிகள் இருக்கின்றன. மூக்கு, தோல், சிறு காயம், வாய், குடல், சிறுநீர், பல் எடுத்தல், ஆபரேஷன், மாதவிலக்கு, பிரசவம், தசை, மூட்டு, மூளை, இவற்றில் சேராத மற்றவை என்பன அவை. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் 4 வரை எண். வாழ்நாளில் நேர்ந்தவற்றுள் மிகக் கடுமையானது எதுவோ அதற்கே எண் கொடுக்க வேண்டும்.

மூக்கை உதாரணமாய் எடுத்துக்கொள்வோம். எப்போதோ ஒரு தடவை சிறிது வந்தது என்றால் பூஜ்யம். வருஷத்தில் ஐந்து தடவைக்கு மேல் வந்தாலோ, ஒரு தடவை பத்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தாலோ 1. அதற்காக வைத்தியரிடம் போக நேர்ந்திருந்தால் 2. பஞ்சு வைத்து அடைத்தோ, சுட்டோ, மருந்து கொடுத்தோ நிறுத்தியிருந்தால் 3. ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தால் 4. இப்படியே மற்றவற்றுக்கும். கூட்டி வரும் தொகை, வயது வந்த ஆண்களுக்கு 4-ம் அதற்கு மேலும், பெண்களுக்கு 6-ம் அதற்கு மேலும், குழந்தைகளுக்கு 3-ம் அதற்கு மேலும் இருந்தால் அது சாதாரணமல்ல என்று ஆராய்ந்து வரையறுத்திருக்கிறார்கள். பெண்களுக்கு எல்லை உயர்ந்திருப்பதன் காரணம் நேயர்களுக்கு விளங்கும்: மாதவிலக்கும் பிரசவமும் நோயில்லாதவர்களுக்கும் சில எண்களைச் சேர்த்துவிடுகின்றன.

கானடா தேசத்தில் கிங்ஸ்டன் நகரத்துச் சர்வகலாசாலையைச் சேர்ந்த பாலா ஜேம்ஸ் என்ற பெண் வைத்தியரும் அவருடைய கூட்டத்தாரும் இன்னும் ஒரு படி முன் சென்றார்கள். வைத்தியர் கேட்டு எழுதுவதற்குப் பதில், வீட்டில் உட்கார்ந்து தானே நிரப்பிக்கொள்ளும்படியான கேள்வித்தாளை அவர்கள் அமைத்தார்கள். மாதவிலக்கைப் பொறுத்தவரையில் இங்கிலாந்தில் 1990-ம் வருஷத்திலேயே ஒரு படமுறை ஏற்பட்டிருந்தது. துணியில் கறை சிறிதானால் 1, நடுத்தரமானால் 5, முழுவதும் நனைந்தால் 20 என்று எண்ணிக்கொண்டே வந்து, அந்த மாதத்துத் தொகை 100-ஐத் தாண்டினால் இழப்பு அளவுக்கு மிஞ்சியது என்று கொள்வார்கள். படத்தைப் பார்த்துக் கோடு போடுவதுதான் வேலை. வாய் திறந்து ஒருவரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

சொல்ல முடியாததை எழுதலாம்

வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை என்பது நம் நாட்டில் சாமானிய விஷயமல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க யுவதியைப் பிரசவம் பார்க்க அழைத்தார்கள். அவர் அப்போது வைத்தியம் படிக்கவில்லை. அவர் தந்தைதான் வைத்தியர். ஆண் வைத்தியர் வரக் கூடாது என்று மூன்று வீட்டாரும் மறுத்துவிட்டார்கள். மூன்று பெண்களும் மாண்டார்கள். அந்த இரவின் வேதனையினால்தான் ஐடா ஸ்கடர் வைத்தியம் படித்து வந்து வேலூர் ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார். இன்று அந்த ஆஸ்பத்திரியின் ரத்த நோய்ப் பகுதிக்குப் பாரத தேசம் முழுவதிலுமிருந்து நோயாளிகள் வருகிறார்கள்.

புதுக்கோட்டைக்கும் இதில் ஒரு தனிப் பெருமை உண்டு. சென்னை வைத்தியக் கல்லூரியில் 1907-ம் வருஷத்தில் சேர்ந்து 1912-ம் வருஷத்தில் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டை சமஸ்தானத்தில் 1886-ம் வருஷம் பிறந்தவர். பையன்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் மன்னரின் அனுமதியுடன் சேர்ந்து படித்தவர். பெண்களின் உடம்பைப் பற்றிப் பெண்களே அறிந்து பேசலாம் என்ற துணிவை நம் தேசத்துக்குக் கொடுத்தவர்களில் அவர் முன்னணியில் நிற்கிறார்.

எண்பது தொண்ணூறு வருஷங்களுக்குப் பிறகு அதே மண்ணில் இன்னொரு அதிசயம் நடந்தது. 1991-ம் வருஷத்தில் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது கலெக்டராயிருந்தவர் ஷீலாராணி சுங்கத். கல் உடைக்கும் பெண்களும், வயலில் நாற்று நடும் பெண்களும் சாயங்காலங்களில் சிலேட்டுப் பிடித்து எழுத்துக் கற்றார்கள். அதோடு நிற்காமல் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் விடவும் கற்றுக்கொண்டார்கள். ஊர் சிரித்தது, அவர்கள் நிறுத்தவில்லை.

அன்று சிலேட்டுப் பிடித்தவர்கள் இன்று பாட்டிமார்கள். அவர்கள் பேத்திகள் கல்லூரிக்குப் போகிறார்கள். ஆனால் மாதவிலக்கு எத்தனை நாள் என்று பேத்தி பாட்டியைக் கேட்டிருப்பாளா? பாட்டிதான் சொல்லியிருப்பாளா? எழுத்து வந்துவிட்டது, எழுத வேண்டிய விஷயம் இன்னும் எழுதப்படவில்லை என்றே தோன்றுகிறது.

ஓட்டைக் குடம்

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள ஸ்திரீகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. போதிய சத்துணவு இல்லாமை, குடற்புழு முதலிய பல காரணங்கள் இதற்கு உண்டு. இரும்புச் சத்து மாத்திரைகளைச் சர்க்கார் கொடுத்து வருகிறது, அவசியமான காரியந்தான். ஆனால் அவர்களில் சிலருக்காவது மாதந்தோறும் ரத்தம் அளவுக்கு மிஞ்சிப் போவதே காரணமாயிருக்கும். குடத்தில் ஓட்டை இருக்கும்போது மேலே மேலே தண்ணீர் ஊற்றி என்ன பயன்? மாத்திரை சாப்பிட்டபோது தேறி, நிறுத்தினவுடன் மறுபடி வெளுத்துப் போகும் பெண்ணைக் கண்டால், ஓட்டை எங்கே என்று கேட்டுப் பார்ப்பது வீட்டாரின் கடமை.

உறவுக்குள் கல்யாணம் செய்யும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று மணப்பது நம் பக்கத்தில் தொன்றுதொட்டு வந்த முறை. இதில் குற்றம் கூறுவது நம் நோக்கமல்ல. ஆனால் சுவிட்சர்லாந்து வைத்தியர் கிளான்ஸ்மான் 1918-ம் வருஷத்தில் எழுதிய ஒரு நோய் இருக்கிறது. அதில் தட்டணுக்களின் எண்ணிக்கை சரியாயிருக்கும். ஆனால் அவை ஒன்றோடொன்று ஒட்டமாட்டா. தாய் தந்தை இருவரிடமிருந்தும் குறை வந்தால்தான் இந்நோய் தோன்றும். ஆதலால் உறவுக்குள் மணக்கும் சமூகங்களில் இது அதிகம். வான் வில்லிபிராண்ட் நோய் லேசாயிருப்பதற்கு ஒருவர் வழியில் வந்தாலே போதும். இருவர் வழியிலும் வந்தால் யோர்டிஸுக்கு வந்தது போல் கடுமையாகலாம். ஜாதகம் பார்க்கிற வீட்டில், இரு பக்கத்துக் குடும்பத்திலும் ரத்தம் நிற்காத சரித்திரம் உண்டா என்று கேட்பதும் நல்ல பொருத்தம் பார்ப்பதேயாகும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

கீழ்க்கண்டவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில், வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் வைத்து, எழுதி வரலாம். இவை சர்வதேசக் கேள்வித்தாளின் போக்கைப் பின்பற்றி நம் வீட்டு வழக்கத்துக்கு ஏற்றவாறு நாம் எழுதியவை.

1. மூக்கிலிருந்து வருஷத்தில் எத்தனை தடவை ரத்தம் வருகிறது? ஒரு தடவையாவது பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்காமல் வந்ததுண்டா?

2. அடிபட்ட நினைவே இல்லாமல் கை கால்களில் நீலம் பாரிக்கிறதா? ஒரே சமயத்தில் எத்தனை இடத்தில்? எவ்வளவு பெரிது?

3. அரிவாள்மணையில் விரல் வெட்டினால் பத்து நிமிஷத்துக்குள் நிற்கிறதா? காது, மூக்குக் குத்தியபோது எப்படி இருந்தது?

4. பல் எடுத்த அன்று ராத்திரியோ மறுநாளோ மறுபடி ரத்தம் வந்ததா? வைத்தியரிடம் திரும்பப் போக நேர்ந்ததா?

5. ஆபரேஷன் எதிலாவது, வைத்தியர் எதிர்பார்த்ததற்கு மேல் ரத்தம் போயிற்றா?

6. மாதவிலக்கு ஏழு நாளுக்கு மேல் நீடிக்கிறதா? இரண்டு மணி நேரத்துக்குள் துணி மாற்ற வேண்டியிருக்கிறதா? ராத்திரி அதற்காக எழுந்திருக்க நேர்கிறதா? பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள் விழுகின்றனவா? அதனால் பள்ளிக்கூடமோ வேலையோ தவறிப் போகிறதா?

7. பிரசவத்தில் ரத்தம் ஏற்ற நேர்ந்ததா? பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் தாண்டியும் நிற்காமலிருந்ததா?

8. ரத்தசோகை என்று எத்தனை முறை மருந்து சாப்பிட்டாயிற்று?

9. பெற்றோர், உடன்பிறந்தார், அத்தை, மாமன், பாட்டன், பாட்டி இவர்களில் யாருக்காவது மேற்கண்டவை உண்டா?

பதில் எழுதும்போது “அதிகம்”, “கொஞ்சம்” என்று எழுதக் கூடாது. நாளும் நிமிஷமும் எண்ணிக்கையும் எழுத வேண்டும். இதுதான் முக்கியம். நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போனால், அவர் அதைப் பார்த்து மேற்கொண்டு செய்ய வேண்டியதைத் தீர்மானிப்பார். 2017-ம் வருஷம் முதல் புதுக்கோட்டையிலேயே சர்க்கார் வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. நுட்பமான சோதனைகள் தேவையானால் எங்கே போக வேண்டும் என்பதை வைத்தியரே சொல்லுவார்.

கேள்வித்தாள் செய்ய முடியாதது

இதன் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். கேள்வித்தாள் நோயைத் தீர்மானிப்பதில்லை, சந்தேகத்தைத்தான் எழுப்புகிறது. எண் அதிகமாயிருந்தால் நோய் உண்டு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கருப்பைக் கட்டி, தைராய்டு கோளாறு, சாப்பிடுகிற மருந்து முதலியவற்றாலும் ரத்தம் போகலாம். எண் குறைவாயிருந்தால் நோய் இல்லை என்றும் நிச்சயமாய்ச் சொல்ல முடியாது. பல்லும் எடுக்காத, ருதுவும் ஆகாத சிறு குழந்தையின் உடம்பு இன்னும் பரீட்சைக்கே உட்படவில்லை அல்லவா?

நம் நாட்டுக்கென்றே ஒரு குறையும் இருக்கிறது. வைத்தியரிடம் போனால் 2, அவர் சிகிச்சை செய்தால் 3 என்று கண்டோம். வைத்தியரிடமே போகாதவர்களின் கதி என்ன? மணமேல்குடிப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பெண், நாள் கூலி போய்விடுமே என்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டிருந்தால், அவளுடைய எண் குறைவாகவே வரும். ரத்தம் மட்டும் குறைவாய்ப் போயிராது. பழந்துணியைத் துவைத்து உபயோகிப்பவர்களுக்குப் படமுறைக் கணக்கும் அப்படியே பொருந்துவதில்லை. ஆகவே, நம் ஊரில் கேள்வி கேட்பவர்கள், “வைத்தியரிடம் போனாயா?” என்பதோடு நில்லாமல், “போகாமல் எப்படிச் சமாளித்தாய்?” என்றும் கேட்க வேண்டும்.

தெரிந்துகொண்டால் என்ன லாபம்?

“பரம்பரை நோய்தானே? தெரிந்து என்ன செய்வது?” என்று மனம் தளர வேண்டாம். இந்நோய்களில் தெரிந்துகொள்வதே பாதி சிகிச்சை.

ரத்தக் கட்டு கரைந்து போகாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்தை ஜப்பான் தேசத்து ஒகாமோட்டோ தம்பதிகள் 1962-ம் வருஷத்தில் உலகத்துக்கு அறிவித்தார்கள். மனைவி உடாகோ ஒகாமோட்டோவும் பெயர் பெற்ற ஆராய்ச்சியாளரே. பிரசவத்தில் ரத்தம் போய் மாளும் பெண்களைக் காப்பாற்ற வேண்டும் என்பது அவருடைய நெடுநாளைய நோக்கம். இன்று அது மாத்திரையாகவே கிடைக்கிறது. அதிக மாதவிலக்குக்கும், பல் எடுப்பதற்கும் வைத்தியர்கள் அதைக் கொடுக்கிறார்கள். உடம்பில் ஒளிந்திருக்கும் வான் வில்லிபிராண்ட் காரணியை ரத்தத்துக்குள் வரச் செய்யும் டெஸ்மோபிரெஸ்ஸின் என்ற மருந்தை இத்தாலியில் 1977-ம் வருஷத்தில் இந்நோய்களுக்குப் பயன்படுத்திக் காட்டினார்கள். இவற்றை வைத்தியர் சொன்னபடிதான் சாப்பிட வேண்டும். நாமே கடையில் வாங்கிச் சாப்பிடக் கூடாது.

மருந்தில்லாமலே கிடைக்கும் பயனும் பெரிது. தலைவலி, கால்வலி என்று சாப்பிடும் ஆஸ்பிரின் முதலிய சில மாத்திரைகள் தட்டணுக்களின் வேலையைக் கெடுப்பவை. நோய் தெரிந்தால் அவற்றை விலக்கலாம். பல் எடுப்பதற்கு முன்பே தக்க ஏற்பாடு செய்யலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பிரசவத்தை ரத்தம் ஏற்றும் வசதியுள்ள ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ளலாம். கர்ப்பத்தில் ஏறிய காரணி பிரசவமானபின் சில நாட்களில் இறங்கிவிடும். ஆகையால், வீட்டுக்கு வந்த பிறகும் தாயைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது வீட்டாருக்குத் தெரிந்திருக்கும்.

ஆலங்குடிச் சாலையோரத்து வீட்டுக்கு மறுபடியும் வருவோம். அந்தப் பெண் பல் வைத்தியரிடம் போவதற்கு முதல் நாள் ராத்திரி, ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்! “அப்பத்தா, உங்களுக்கு எத்தனை நாள் இருக்கும்? அம்மா, உனக்கு? பெரியம்மாவுக்குப் பிரசவத்தில் எத்தனை பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள்?” முதலில் அப்பத்தா, “போடி, இதையெல்லாமா கேட்பது?” என்று சிரித்திருப்பாள். பிறகு சொல்லியிருப்பாள். அவள் சொன்னதையும், அம்மா சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதும்போது, ஒரு பக்கத்தில் ஐந்து நாள், மறு பக்கத்தில் ஒன்பது நாள் என்று நிற்கும். தாய்வழியில் ஏதோ இருக்கிறது என்பது அப்போதே அந்தத் திண்ணையில் விளங்கியிருக்கும்.

மறுநாள் பல் வைத்தியர் தம் கேள்வியைக் கேட்கும்போது தாயார், “எல்லோருக்கும் போலத்தான்” என்று சொல்லியிருக்க மாட்டாள். “எங்கள் வீட்டில் இப்படி, டாக்டர், எழுதிக்கொண்டு வந்திருக்கிறோம்” என்று நோட்டுப் புத்தகத்தை நீட்டியிருப்பாள். வைத்தியரும் ஊசியைக் கீழே வைத்துவிட்டு முதலில் அதைப் படித்திருப்பார்.